கொறங்காட்டில் குளம் வெட்டினால் பறவை வருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் உங்களுக்கு ஆறு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலம், இருக்கிறது. அதில் ஒரு ஏக்கருக்குக் குளம் வெட்டி, மீதியில் ஆயிரம் மரம் நட்டு, பழைய கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்டு, பள்ளிக் குழந்தைகள் வந்து பறவை பார்க்கும் இயற்கை மையமாக மாற்ற நினைக்கிறீர்கள். திருப்பூருக்குப் பக்கத்து நஞ்சராயன் குளம் மாதிரி ஆக எத்தனை வருஷம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். வருஷக் கணக்குக்கு முன்னால் தீர்க்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வறண்ட மேய்ச்சல் நிலம் பறவைக்கு உதவாத வெறும் காடு, தண்ணீரும் மரமும் சேர்ந்தால்தான் அது பறவைக்கான இடமாகும் என்ற எண்ணம் இந்தத் திட்டத்துக்கு அடியில் கிடக்கிறது. அந்த எண்ணம் தவறு. நீங்கள் சொன்ன மூன்று வேலைகளையும் செய்தால் இப்போது அங்கே இருக்கும் பறவைகள் போய்விடும். நீங்கள் எதிர்பார்க்கும் பறவைகளும் வராது. குழந்தைகளுக்காக இப்படி ஒரு இடம் செய்ய நினைப்பது பெரிய காரியம் என்பதால்தான் இவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

கொறங்காடு என்பது தானாக முளைத்த புதர்க்காடு கிடையாது. கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் விட்டு, காங்கேயம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மாற்றி மாற்றி மேய்ச்சலுக்கு விடுவதற்காகத் தலைமுறை தலைமுறையாக நம் விவசாயிகள் உருவாக்கி வைத்தது. திறந்த புல்வெளி, தள்ளித் தள்ளி நிற்கும் மரம், அடர்ந்த முள்வேலி என்று மூன்று விதமான இடம் ஒரே நிலத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பறவைக் கூட்டம் உண்டு. வெறும் செம்மண்ணும் கட்டைப் புல்லும் இருக்கும் இடத்தில் மஞ்சள்மூக்கு ஆக்காட்டி, சாம்பல்தலை வானம்பாடி, செம்மண் நிறத்தில் ஓடி ஓடி நிற்கும் கல்குருவி. கணுக்கால் உயரப் புல்லில் புதர் வானம்பாடியும் நெட்டைக்காலியும். முழங்கால் உயரத்துக்குப் போனால் கவுதாரி, காடை, கதிர்க்குருவி. வெள்வேல மரத்தின் உச்சிக் கொம்பில் கீச்சான், பனங்காடை, கரிச்சான், சிறகடித்தபடி ஒரே இடத்தில் நின்று எலி தேடும் கருந்தோள் பருந்து. வேலிக்குள் தவிட்டுக்குருவி, சின்னான், தேன்சிட்டு, பச்சைவாயன். இந்தப் பச்சைவாயன் கிளுவையும் கள்ளியும் பின்னிக் கிடக்கும் இட்டேரிகளை (இருபுறமும் வேலியுள்ள மண்பாதைகளை) விட்டு வெளியே வருவதே அபூர்வம். குயில் கூட்டத்தைச் சேர்ந்தது. நீண்ட வால், கண்ணைச் சுற்றி நீலம். இந்தப் பட்டியலில் உள்ள சில பறவைகளை நஞ்சராயன் குளக்கரையில் நாள் முழுக்க நின்றாலும் பார்ப்பது அபூர்வம்.

நஞ்சராயன் குளம் ஏறக்குறைய 125 ஹெக்டேர், அதாவது சுமார் 310 ஏக்கர். நல்லாறு கொண்டுவரும் தண்ணீர் அதில் நிற்கிறது. தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கூழைக்கடா எழும்புவதற்கே நீரின் மேல் நீண்ட தூரம் ஓடவேண்டும். வாத்துக் கூட்டம் ஆள் நடமாட்டத்துக்கு எட்டாத அகலத்தைப் பார்த்துத்தான் இறங்கும். ஒரு ஏக்கர் அவற்றுக்குப் போதாது. அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஆவியாதல். நம் பக்கம் கோடை நாளில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து 6 முதல் 8 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஏழு மில்லிமீட்டர் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 28,000 லிட்டர் காணாமல் போகிறது. இரண்டு லாரித் தண்ணீருக்கும் மேல். செம்மண் சரளையில் கீழே உறிஞ்சுவது இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இதை ஈடுகட்டினால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் சேர்ந்து வற்றும். பிளாஸ்டிக் தாள் விரித்து, சரிவு செங்குத்தாக, பத்தடி ஆழத்தில் வெட்டும் பண்ணைக்குட்டையோ இன்னும் மோசம். அதில் பறவை இறங்க இடமில்லை. தண்ணீர் குடிக்க வரும் அணில், ஓணான், ஆக்காட்டிக் குஞ்சு விழுந்தால் ஏற வழியில்லாமல் சாகும்.

தண்ணீரே வேண்டாம் என்று சொல்லவில்லை. வறண்ட காட்டில் ஒரு சிறு நீர்நிலை இருந்தால் சுற்றுவட்டாரப் பறவையெல்லாம் அங்கே வந்துதான் தீரும். குழந்தைகளுக்குப் பறவையைக் காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. அளவும் வடிவமும்தான் முக்கியம். 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் போதும். ஒரு நாளைக்கு 1,100 லிட்டர்தான் ஆவியாகும். நிலத்தின் வாட்டம் எந்த மூலைக்குப் போகிறது, மழை பெய்து ஓய்ந்ததும் எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று ஒரு ஐப்பசி மழையில் பார்த்து வைத்துக்கொண்டு அங்கேயே வெட்டுங்கள். ஒரு ஓரத்தில் பூஜ்யத்தில் ஆரம்பித்து 14 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறங்கவேண்டும். குழந்தை தடுமாறாமல் நடந்து இறங்கக்கூடிய சரிவு அது. எதிர் ஓரத்தில் கொஞ்சம் சட்டென்று ஏறலாம், கல் அடுக்கிவிடுங்கள். சிறிய உள்ளான் வகைகள் நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேல் இறங்காது. நெடுங்கால் பறவையான பவளக்காலிக்குக்கூட ஒரு சாண் ஆழத்துக்குள் இருந்தால்தான் வசதி. அதனால் நீங்கள் பறவைக்குக் கொடுப்பது நடுவில் இருக்கும் ஆழத்தை அல்ல, ஓரத்துச் சேற்றைத்தான். தண்ணீர் வற்ற வற்ற அந்த ஓரம் நகர்ந்துகொண்டே உள்ளே போகும். தை, மாசியில் வாலாட்டியும் உள்ளானும் அதைத் தொடர்ந்து வரும். சித்திரையில் குட்டை முழுக்க வற்றினாலும் குறையில்லை. கொசுத் தொல்லையும் அதோடு முடியும்.

உறிஞ்சுவதைக் குறைக்க, அடியில் ஒரு சாண் கனத்துக்குக் குளத்து வண்டலோ களிமண்ணோ பரப்பி, ஈரமாக இருக்கும்போதே மாட்டை விட்டு நன்றாக மிதிக்க விடுங்கள். வண்டல் எடுக்க அனுமதி வேண்டும், தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜிலேபி மீனையும், கொசுவுக்கென்று விற்கும் கம்பூசியா மீனையும் விடாதீர்கள். தும்பிப் புழுவையும் தவளை முட்டையையும் அவை மிச்சம் வைக்காது. ஆகாயத்தாமரை ஒரு செடி வந்தால்கூட அன்றைக்கே பிடுங்குங்கள். ஒரு பக்கக் கரையில் கோரை தானாக வரட்டும், இன்னொரு பக்கம் வெறும் சேறாகவே இருக்கட்டும். வெட்டிய மண்ணை லாரியில் ஏற்றி விற்றுவிடாமல் ஒரு பக்கம் குவித்து, ஒரு முகத்தை மட்டும் ஒரு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாகச் செதுக்கி விட்டால், பஞ்சுருட்டான் அதில் வளை தோண்டக்கூடும். கோடையில் குட்டை வற்றிய பிறகு, இரண்டடி அகலமுள்ள சொரசொரப்பான ஒரு தொட்டி போதும். நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம், ஓரத்தில் ஒன்று. இரண்டு நாளைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் ஒரு பறவையின் நோய் எல்லாவற்றுக்கும் பரவும். புதருக்கு ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும், ஆறேழு அடி தள்ளி வையுங்கள்.

அடுத்தது மரம். குளம் போக ஐந்து ஏக்கரில் ஆயிரம் மரம் என்றால் ஏக்கருக்கு 200, அதாவது பதினைந்து அடிக்கு ஒன்று. பத்து வருஷத்தில் நிழல் மூடிவிடும். நிழல் மூடினால் கொழுக்கட்டைப் புல் போகும், புல் போனால் தரையில் கூடு வைக்கும் பறவை போகும். தப்பி நிற்கும் வானம்பாடிக் கூட்டையும் மரத்தில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும் காக்கை எடுத்துவிடும். கிடைப்பது என்னவென்றால் குயில், மைனா, வால்காக்கை. இவை பக்கத்துத் தென்னந்தோப்பிலேயே இருக்கின்றன. மரம் நடுவது எங்கேயும் நல்லதுதான் என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதால் இதைச் சொன்னால் கோபம் வருகிறது, ஆனால் புல்வெளிக்கு மரக்கூட்டம் பகை. இப்போது நிற்கும் வெள்வேல மரங்களை அப்படியே விடுங்கள். ஆசைக்கு, வேலி ஓரமாக மட்டும் இருபது முப்பது கன்று: உசிலை, வேம்பு, இலந்தை, நொச்சி, ஆவாரை. சாளைக்கும் (தோட்டத்து வீட்டுக்கும்) கிணற்றுக்கும் எட்டாத தூரத்தில், நுழைவுப் பக்கம் ஒரே ஒரு ஆலமரம் வைத்தால் பழக் காலத்தில் குக்குறுவானும் குயிலும் சோளக்குருவியும் அங்கேயே நின்று பார்க்கக் கிடைக்கும். பனை இருந்தால் ஒன்றைக்கூட வெட்டாதீர்கள். தொங்கும் காய்ந்த மட்டையில் பனை உழவாரன் கூடு ஒட்டும், ஓலையில் தூக்கணாங்குருவி கட்டும். தலை போன மொட்டைப் பனையின் பொந்துக்குப் பனங்காடையும் பச்சைக்கிளியும் புள்ளி ஆந்தையும் போட்டி போடும். பட்டுப்போன மரம் என்று விறகுக்குக் கொடுத்தால் அந்த மூன்று பறவைக்கும் வீடு போனதாக அர்த்தம். பழைய திறந்த கிணறு இருந்தால் அதன் கல்சுவரும் ஒரு பறவைக் குடியிருப்புத்தான். வாயை வலை போட்டு மூடாமல், குழந்தைகளுக்காக நாலடிக் கைப்பிடிச் சுவர் மட்டும் எழுப்புங்கள்.

வேலியைப் பிடுங்குவது உங்கள் திட்டத்தில் மிகவும் கெடுதலான பகுதி. ஆறு ஏக்கர் சதுர நிலத்துக்குச் சுற்றளவு ஏறத்தாழ 620 மீட்டர் வரும். அவ்வளவு நீளத்துக்குக் கிளுவையும் பிரண்டையும் கோவைக்கொடியும் சங்கஞ்செடியும் பின்னி நிற்பதைப் புதிதாக உண்டாக்க உங்கள் பிள்ளைகள் காலம் வரை ஆகும். கம்பி கட்டாயம் வேண்டும் என்றால் வேலிக்கு உட்புறமாகக் கட்டுங்கள், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு. கீரி, முயல், கவுதாரி நுழைந்து போகட்டும். முள்கம்பியின் மேல் இழையில் ஆந்தையும், இரவுப் பறவையான பக்கியும் இருட்டில் மோதிச் சிக்கும். மேல் இழை சாதாரணக் கம்பியாக இருந்தால் அந்தத் தொல்லை குறையும். வேலியில் சந்து விழுந்த இடங்களில், மழைக்குச் சற்று முன்னால், நாலைந்து அடி நீளக் கிளுவைக் கொம்பை ஒரு அடி ஆழத்தில், முக்கால் அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் ஊன்றினால் அழுகிவிடும். மொத்த வேலியையும் ஒரே வருஷத்தில் வெட்டிக் கழிக்காமல் ஒரு பக்கம் இந்த வருஷம், இன்னொரு பக்கம் அடுத்த வருஷம் என்று கழித்தால் எப்போதும் அடர்த்தியான பகுதி ஒன்று மிச்சம் இருக்கும். கழிக்கும் மாதம் கூடு இல்லாத மாதமாக இருக்கவேண்டும். மார்கழி, தை சரியாக வரும்.

இயற்கை மையம் என்றதும் மாட்டை வெளியேற்றிவிடுவது வழக்கம். கொறங்காட்டில் அதைச் செய்யக்கூடாது. மேய்ச்சல் நின்றால் இரண்டு மூன்று மழைக்குள் புல் அடர்ந்து கிழடு தட்டி, சீமைக்கருவேலம் உள்ளே வந்துவிடும். ஆறு ஏக்கரை மூன்றாகப் பிரித்து, ஒன்றை ஒட்ட மேய விடுங்கள், ஒன்றை அரைகுறையாக, மூன்றாவதை அந்த வருஷம் முழுக்கச் சும்மா விடுங்கள். அடுத்த வருஷம் மாற்றுங்கள். மேலே சொன்ன மூன்று புல் உயரமும் அதில் அமைந்துவிடும். மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிக்காக உண்ணிக்கொக்கும் கரிச்சானும் மைனாவும் கூடவே வருவதைக் குழந்தைகள் பைனாகுலரே இல்லாமல் பார்க்கலாம். சாணத்தைக் கிளறும் கொண்டலாத்தியையும் காட்டலாம். மாட்டுக்குக் குடற்புழு மருந்தாக ஐவர்மெக்டின் போட்டால் அது சாணத்தில் இறங்கி, சாண வண்டுகளைக் கொல்லும். மருந்து போட்ட மாட்டை இரண்டு மூன்று வாரம் வேறிடத்தில் கட்டுங்கள். களைக்கொல்லி அறவே வேண்டாம்.

நாய்தான் தரைக்கூட்டுக்கு முதல் எதிரி. மஞ்சள்மூக்கு ஆக்காட்டி கூடு என்று எதுவும் கட்டாது. ஒரு சிறு குழியில் கூழாங்கல் போன்ற நாலு முட்டை இட்டு, நாலு வாரம் வெயிலில் உட்கார்ந்திருக்கும். அவிழ்த்துவிட்ட ஒரு நாய் ஒரே காலையில் அந்த நாலு வாரத்தையும் அழித்துவிடும். காவலுக்கு நாய் வேண்டும் என்றால் சாளையோடு கட்டிப் போடுங்கள். கவுதாரிக்குக் கண்ணி வைப்பவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வேலியின் அடியில் குதிரைமயிர்ச் சுருக்கோ நைலான் சுருக்கோ தெரிந்தால் அறுத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். மயிலுக்குத் தீனி போடும் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். உங்களிடம் தின்று பெருகும் மயில் பக்கத்துத் தோட்டத்து நிலக்கடலையையும் சோளத்தையும் தின்னும், அந்தக் கோபம் மற்ற பறவைகள் மேலும் திரும்பும். இரவெல்லாம் எரியும் விளக்கும் வேண்டாம்.

மாசி நடுவிலிருந்து ஆடி வரை நிலத்தின் நடுப்பகுதிக்கு யாரையும் விடாதீர்கள். வானம்பாடி, ஆக்காட்டி, கல்குருவி எல்லாம் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் முட்டையும் குஞ்சுமாக இருக்கும். அதில் முதல் பாதியில் பள்ளிகளுக்கும் பரீட்சையும் விடுமுறையும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் பறவைச் சத்தமே கேட்காது. சின்னப் பறவையெல்லாம் வேலிக்குள் தாழ உட்கார்ந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிற ஊரில் பைனாகுலரை யார் அசையாமல் பிடிப்பது? ஐப்பசிக் கடைசியிலிருந்து மாசி முன்பாதி வரைதான் உங்கள் பருவம். வலசைப் பறவைகளும் அப்போது இருக்கும். தகைவிலான், வாலாட்டி, பூனைப்பருந்து வந்து சேர்ந்திருக்கும். சோளம் முற்றும் நேரம் சோளக்குருவிக் கூட்டமும் வரும்.

நடைபாதை வேலியை ஒட்டிச் சுற்றிவர இருக்கவேண்டும், நிலத்தைக் குறுக்கே வெட்டக்கூடாது. ஒரு நடைக்குப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மேல் வேண்டாம், கூட இரண்டு பெரியவர்கள். குட்டைக்குக் கிழக்கே, தண்ணீர் ஓரத்திலிருந்து 15 முதல் 20 மீட்டர் தள்ளி, பனையோலையில் ஒரு மறைவுக் கொட்டகை போடுங்கள். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் பறவையின் நிறம் தெரியும்; மேற்கே போட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். பத்தடி நீளம், ஆறடி அகலம். ஓலையில் கை அகலத்துக்கு இரண்டு வரிசை நீளத் துளை, ஒன்று தரையிலிருந்து இரண்டரை அடியில், இன்னொன்று நாலடியில். குழந்தைகள் உட்கார்ந்தும் பெரியவர்கள் குனியாமலும் பார்க்கலாம். கொட்டகைக்கு வரும் வழியையும் ஓலைத் தட்டி கட்டி மறைக்கவேண்டும். இதை விட்டுவிட்டால் ஆள் வரும்போதே பறவை எழும்பிவிடும், கொட்டகை வீணாகும். எல்லோருக்கும் காலில் செருப்பு அல்ல, ஷூ. வேலிக்குள் கைவிடக்கூடாது, கல்லைப் புரட்டக்கூடாது. சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இந்த நிலத்துப் பாம்புகள். பக்கத்து அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பதை முன்கூட்டியே விசாரித்து, போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். சிறு குழந்தைகளுக்கு 8×32 எடை குறைவு. 20×50 என்று விற்பதையும் ஜூம் வைத்ததையும் தவிருங்கள். கை நடுக்கமும் அதே இருபது மடங்கு பெரிதாகும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். மூன்று குழந்தைக்கு ஒன்று போதும். முதலில் இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்கவேண்டும், பிறகு வலது கண்ணால் மட்டும் அதே பொருளைப் பார்த்து வலப்பக்க வளையத்தைத் திருப்பவேண்டும். அதன்பின் எப்போதும் நடுச்சக்கரம் மட்டும்தான். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிக்கொள்ளவேண்டும். குழந்தைகள் செய்யும் தவறு ஒன்றே: பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவார்கள். பறவையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்கப் பழக்குங்கள், ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

இவ்வளவையும் விட முக்கியமான வேலை, முதல் வருஷம் கடப்பாரையை எடுக்காமல் இருப்பது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடிந்ததிலிருந்து ஒரு மணி நேரம், அதே பாதையில் நடந்து, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். தேதி, நேரம், காற்று, எந்தத் துண்டில் எந்த உயரப் புல்லில் இருந்தது என்பதும் வேண்டும். அந்தப் பட்டியலை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் மற்றவர்கள் தவறைத் திருத்துவார்கள், ஆராய்ச்சிக்கும் உதவும். ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடப் பட்டியல்கூடச் செல்லும். குழந்தைகளை அதில் சேர்த்துவிடுங்கள். ஒரு வருஷப் பட்டியல் கையில் இருந்தால்தான், பிறகு நீங்கள் செய்த மாற்றம் நல்லது செய்ததா கெடுத்ததா என்று தெரியும்.

இதில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லவேண்டும். ஆவியாதல் கணக்கு, மரம் மூடினால் தரைப்பறவை போவது, நாயும் நடமாட்டமும் கூட்டைக் கெடுப்பது, வேலி அடர்த்தி குறைந்தால் பச்சைவாயனும் கவுதாரியும் விலகுவது இவையெல்லாம் நிச்சயம். கல்குருவியும் கல்கவுதாரியும் உங்கள் நிலத்தில் நிலைக்குமா என்பது சந்தேகம். அவற்றுக்கு வேண்டியது பரந்த திறந்தவெளி. ஆறு ஏக்கர் அதில் ஒரு துண்டு. சுற்றியுள்ள மேய்ச்சல் காடுகள் வீட்டுமனை சைட்டாகவோ சூரிய மின்தகடு வயலாகவோ தென்னந்தோப்பாகவோ மாறினால் உங்கள் நிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவை போய்விடலாம். அதனால் அக்கம்பக்கத்துக் கொறங்காட்டுக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொள்வதில் உள்ள பலன் ஆலமரம் நடுவதைவிட அதிகம். உயரப் புல் விட்ட துண்டில் மாலையில் பூனைப்பருந்து இரவு தங்க இறங்கக்கூடும், நம்பி எதுவும் கட்டாதீர்கள். பழுப்பு நிறப் பெண் பூனைப்பருந்துகளில் எது எந்த வகை என்று பிரிப்பது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். பட்டியலில் ‘பூனைப்பருந்து வகை’ என்று எழுதினால் போதும், ஊகித்து எழுதிய பெயர் பட்டியலையே கெடுக்கும். செல்போன் கோபுரத்தால்தான் சிட்டுக்குருவி போய்விட்டது என்று எந்தக் குழந்தையாவது சொல்லும். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கூடு வைக்கப் பொந்தில்லாத வீடு, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாத தெரு ஆகியவை நம்பத்தகுந்த காரணங்கள். உங்கள் சாளையின் ஓட்டுக்கூரைச் சந்தை அடைக்காமல் விட்டாலே அது வரும். நிலத்தை நேரில் பார்க்காமல் யார் சொன்னாலும் குட்டையின் இடத்தை முடிவு செய்யாதீர்கள். மண்ணும் வாட்டமும் நூறடிக்கு நூறடி மாறும்.

குழந்தைகளுக்குக் கூழைக்கடாவையும் மஞ்சள்மூக்கு நாரையையும் காட்டவேண்டும் என்ற ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. தை மாதத்தில் ஒரு வேன் பிடித்து ஈரோட்டுக்குப் பக்கத்து வெள்ளோட்டுக்குக் கூட்டிப் போங்கள். 77 ஹெக்டேர் ஏரி, 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே நிற்கும் மரங்களில் கூடு கட்டும் நேரம் அது. அடுத்த வாரம் அதே குழந்தைகளை உங்கள் கொறங்காட்டில் காலை ஆறரைக்கு வேலியோரமாக உட்கார வையுங்கள். இரண்டு இடத்துப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வரும் பெயர்கள் எத்தனை என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.